காய் வடித்த தண்ணீரில் ஒரு ரசம்

நான் என் மனைவியைக் கொல்லப் பார்த்தவன். இதை மறைத்துப் பயனில்லை. காரைக்காலில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். மீதிப் பேருக்கு வசந்தாவே வாய் ஓயாமல் சொல்லிவிட்டாள். கத்தி இல்லை, கயிறு இல்லை, ரசம். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, நெய்யில் கடுகு தாளித்து, கொத்தமல்லித் தழை தூவி இறக்கிய ரசம். போலீஸ் என்னைப் பிடிக்கவும் இல்லை. சொல்லப்போனால் அன்று அவளைத் தூக்கிப் போக ஒரு போலீஸ்காரர்தான் கை கொடுத்தார்.

ரசத்தைவிட மானக்கேடான விஷயம் ஒன்று உண்டு. நான் வேதியியல் ஆசிரியர். இருபத்தெட்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் சாக்பீஸ் தூள் தின்றவன். மண்ணெண்ணெய்க் குப்பிக்குள் கிடக்கும் பொட்டாசியத்தை இடுக்கியால் எடுத்து, கடுகளவு நறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, அது ஊதாச் சுவாலையோடு துள்ளி ஓடுவதை வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டியவன். கடைசி பெஞ்சுக்காரர்கள் கைதட்டுவார்கள். (எனக்கென்னவோ நானே பற்றி எரிந்த மாதிரி ஒரு பெருமை.) பொட்டாசியத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வர வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற அதே வருடம் வசந்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேரும் ரயிலில் ஊர் ஊராகச் சுற்றுவது என்று பேசி வைத்திருந்தோம். அவள் ஒரு பழைய டைரியில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக்கூட வைத்திருந்தாள். கடைசியில் நாங்கள் சுற்றியதெல்லாம் வீட்டுக்கும் டயாலிசிஸ் அறைக்கும்தான். செவ்வாய், வெள்ளி என்று எங்கள் வாரத்தில் இரண்டே கிழமைகள். மாதம் ஒருமுறை பெரிய டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரி. ஒரே மாநிலம் என்று பெயர், ஆனால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி, மறுபடி வெளியே வந்தால்தான் எங்கள் தலைநகரம். பஸ்ஸில் அவள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை.

புதுச்சேரியில் உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண், எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். சாப்பாட்டில் இருக்கும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். அது படுத்துவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். வலிக்காது, காய்ச்சல் அடிக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும். "அதனால இதெல்லாம் கூடாது சார்" என்று ஒரு தாளை நீட்டினாள். வாழைப்பழம், இளநீர், தக்காளி, மாம்பழம், சாத்துக்குடி, பேரீச்சம்பழம், கீரை, உருளைக்கிழங்கு. நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். அவள் சொன்னதில் இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னேன். (வசந்தா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.)

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வந்தவர்கள் கையில் இருந்ததைப் பார்த்தால், அந்தத் தாளைக் கடையில் நீட்டிப் பட்டியல்படி வாங்கி வந்ததுபோல் இருக்கும். என் தம்பி எங்கள் சொந்த ஊர் குரும்பகரத்திலிருந்து வாராவாரம் வாழைக்காய்த் தாறும் முருங்கைக்கீரைக் கட்டும் அனுப்பினான். பழைய சக ஆசிரியர்கள் இளநீரோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு ஹமீதா லாத்தா, வசந்தாவுக்குக் கூடப் பிறக்காத அக்கா, மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை வெள்ளித்தாள் சுற்றிய டப்பாவோடு தூக்கி வந்தார்.

நான் வாசலிலேயே நின்று பைகளைச் சோதனை போட்டேன். வாஞ்சூர் எல்லையில் மது பாட்டில் கடத்துகிறார்களா என்று தேடும் போலீஸ்காரர்கள்கூட அவ்வளவு கடுமையாகத் தேடமாட்டார்கள்.

"நோம்பு தொறக்கிற பழம் சார் இது. இதுல என்ன கெடுதல் இருக்கப் போவுது?" என்றார் லாத்தா.

"பொட்டாசியம் இருக்குங்க."

"எங்க ஊட்ல அம்பது வருசமா திங்கிறோம், ஒரு தடவகூடக் கண்ணுல பட்டதில்லையே."

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. உள்ளே வசந்தா, "ஒரு பழத்தக் கையில வாங்கி வச்சிக்கிட்டாத்தான் என்னங்க?" என்று கேட்டாள். அவள் அதைச் சாப்பிடுவதற்காகக் கேட்கவில்லை, லாத்தாவின் மனது கோணக்கூடாது என்பதற்காகக் கேட்டாள். எனக்கு அதெல்லாம் அப்போது புரியவில்லை. நான் சட்டத்தை அமல்படுத்திக்கொண்டிருந்தேன்.

சமையலையும் நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அடுப்பைப் பற்றவைத்ததுகூட இல்லை. வசந்தா கூடத்தில் நாற்காலியைப் போட்டு, அங்கிருந்தே "கடுகு டப்பா ரெண்டாவது தட்டுல", "இல்லங்க, அது எள்ளு" என்று வழி சொல்லுவாள். அவள் நாளொன்றுக்குக் குடிக்கக்கூடிய தண்ணீர்கூட அளவுதான் என்பதால், ஆய்வகச் சாமான் விற்கும் நண்பரிடம் சொல்லி ஒரு அளவு ஜாடி வாங்கினேன். காபியை அதில் ஊற்றிக் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். காபி ஆறிப்போயிருக்கும். அவள் அதையும் குடித்து முடிப்பாள்.

காய்க்கும் ஒரு முறை இருந்தது. சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, வடித்துவிட்டுக் காயை மட்டும் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் வாழைக்காய், உருளைக்கிழங்குகூடக் கொஞ்சம் சாப்பிடலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான் நோட்டில் எண் போட்டு எழுதி, அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து, ஒரு படி தவறாமல் செய்தேன். வெந்து வடிந்த காய் சக்கையாக இருந்தது. உப்பும் இல்லை, புளியும் இல்லை. வசந்தா அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வாள். எட்டு மாதம் இப்படியே போயிற்று. நன்றாகச் சமைப்பவள், நன்றாகச் சாப்பிடுபவள் அவள். சாப்பாட்டு நேரம் வந்தாலே அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. காயை வடித்த தண்ணீர் பொன்னிறமாக, லேசான பச்சை கலந்து, மணமாகத் தொட்டியில் ஓடிப்போவதை ஒருநாள் நின்று பார்த்தேன். சத்தெல்லாம் போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டுகிற வீட்டில் நான் பிறக்கவில்லை. குரும்பகரத்தில் கஞ்சி முதலில் மனிதருக்கு, மிஞ்சினால் மாட்டுக்கு, அதிலும் மிஞ்சினால் வேட்டிக்கு. ஆலோசகர் காயை வடித்துக் கொடுக்கச் சொன்னாளே தவிர, தண்ணீரை என்ன செய்வது என்று என் நோட்டில் எதுவும் இல்லை. எழுதாததை நானாக நிரப்பிக்கொண்டேன். ரசம் வைத்தேன்.

தண்ணீர் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது, அவளுக்கு அளவோ ஒரு டம்ளர். அதற்கும் எனக்கு வழி தெரியும். அடுப்பைச் சின்னதாக்கி, பாத்திரத்துத் தண்ணீரை ஒரு டம்ளராகும்வரை சுண்டக் காய்ச்சினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கரண்டியால் கிளறிக்கொண்டு, பழைய ஆய்வக நாட்களைப்போல் ஆவி எழும்புவதை ரசித்தேன். கடைசியில் அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தால் நூற்றைம்பது மில்லி, ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து சாய்ந்திருந்தவளிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"என்னங்க இது?"

"ரசம்."

"நீங்களா வச்சீங்க?"

"பின்ன, எதுத்த வீட்டுக்காரரா வந்து வச்சாரு?"

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "முப்பத்திரண்டு வருசத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க" என்றாள். நல்லாசிரியர் விருது கிடைக்காத குறை அன்று தீர்ந்தது.

சனி இரண்டு வேளை. ஞாயிறு இரண்டு வேளை. பெங்களூரில் இருக்கும் மகள் நித்யாவுக்கு வீடியோவில் ரசப் பாத்திரத்தையே காட்டினேன். "அப்பா சமைக்கிறாரா? அம்மா, ஆஸ்பத்திரி நம்பரைப் பக்கத்துல வச்சிக்க" என்று அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். வசந்தா அப்படி வயிறு குலுங்கச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை மாங்கனித் திருவிழா. சாமி வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழங்களை அள்ளி வீசுவார்கள். கீழே ஊரே கையை விரித்துக்கொண்டு நிற்கும். பிள்ளை இல்லாதவர்கள் பிடித்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. எங்களுக்கும் ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, வசந்தா முந்தானையில் பிடித்த பழத்துக்கு அடுத்த வருடம்தான் நித்யா பிறந்தாள். அதனால் அவள் எந்த வருடமும் அந்த உலாவைத் தவறவிட்டதில்லை. கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. முக்கு வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றாள். ஒரு நிபந்தனை போட்டேன். "பழத்தைத் தொடக்கூடாது."

காலையில் எழுந்ததிலிருந்தே கால் கனக்கிறது என்றாள். உதட்டோரம் எறும்பு ஊருவதுபோல் இருக்கிறது என்றாள். களைப்பு என்று நினைத்தேன். களைப்புக்கு என்ன கொடுப்பது? இன்னும் அரை டம்ளர் ரசம் கொடுத்தேன்.

இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இதில் சிரிக்க எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசற்படி இறங்கியவள், இரண்டாவது படியில் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். "கால் எங்க இருக்குன்னு தெரியலங்க" என்றாள். பேச்சு இழுத்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஒன்று அடித்தது, அடுத்ததற்காக நான் காத்திருந்தேன். அது வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வராது. ஆட்டோ வராது. தெரு முழுக்க ஜனம். நான் போட்ட சத்தத்தில் ஹமீதா லாத்தா ஓடி வந்தார். பார்த்தவுடனே, "யா அல்லா! சலீம், நாற்காலிய எடுத்தா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் சலீம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். வசந்தாவை அதில் உட்காரவைத்தோம். முக்கில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் மறுபக்கம் பிடித்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரே வழி, உலா வருகிற வீதி.

இப்படியாக என் மனைவி பட்டுச்சேலையோடு, நாற்காலியில், மேளச் சத்தத்துக்கு நடுவே, சாமிக்கு எதிர்த் திசையில் ஊர்வலம் போனாள். சலீமும் காவலரும் தூக்க, லாத்தா முன்னால் போய் "வழிய விடுங்க, ஒடம்பு முடியாதவங்க" என்று கூட்டத்தைப் பிளக்க, நான் அவள் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினேன். அந்த நேரம் பார்த்து மாடிகளிலிருந்து மாம்பழம் வீச ஆரம்பித்தார்கள். ஒன்று என் வழுக்கையில் விழுந்தது. ஒன்று காவலரின் தொப்பியைத் தட்டிவிட்டது. மூன்றாவது நேராக வசந்தாவின் மடியில் போய் விழுந்தது.

சுற்றி நின்றவர்கள் "ஓ" என்று கூவினார்கள். "அம்மா மடியிலயே வுழுந்துடுச்சு!" என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை நினைவில் இருந்த வசந்தா அதை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

நான் அதைப் பிடுங்கினேன். "பொட்டாசியம்!" என்று அலறிக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் தூர எறிந்தேன். சாமி மேல் படவில்லை என்று பிறகு சொன்னார்கள், அந்த மட்டும் பிழைத்தேன். ஆனால் சாமி கொடுத்த பழத்தை நோயாளியின் மடியிலிருந்து பிடுங்கி எறிந்த வாத்தியாரை அந்த வீதி அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டம் எங்களுக்குத் தானாகவே வழிவிட்டது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ரிஸ்வானா என்னிடம் படித்த பெண். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் முதல் மதிப்பெண். அவளைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போயிற்று. ஈசிஜி எடுத்த காகிதத்தைப் பார்த்த அவள் முகத்தைப் பார்த்ததும், போன பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. கால்சியம் ஊசி, இன்சுலின், குளுக்கோஸ் என்று அடுத்தடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றும் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் ஏழரை. ஐந்தரைக்குமேல் போனாலே ஆபத்தாம். (ஏழரையில் சனியைத்தான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன்.)

"மூணு நாளா என்ன சாப்பிட்டாங்க சார்?"

நான் நிமிர்ந்து நின்றேன். இந்தக் கேள்விக்கு ஊரிலேயே சரியான விடை வைத்திருப்பவன் நான்தான். "வாழைப்பழம் கெடையாதும்மா. இளநீர் கெடையாது. தக்காளிய வீட்டுக்குள்ளயே விடுறதில்ல. காயெல்லாம் ஊறவச்சு, வேகவச்சு, வடிச்சுத்தான் கொடுக்கிறேன்."

"கரெக்ட் சார். வேற?"

"வேற ஒண்ணுமில்ல. ரசம் மட்டும்."

"புளி ரசமா?"

"புளியே தொடல. அந்தக் காய் வடிச்ச தண்ணி இருக்கு பாரு, அதுல வச்சேன். சத்து வீணாப் போவக் கூடாதுன்னு."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அது நெறையத் தண்ணியா இருக்குமே சார். அவங்களுக்கு அளவு இருக்கே?"

"அதனாலதாம்மா ஒரு டம்ளரா வர்ற வரைக்கும் சுண்ட..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் காதில் விழுந்தது, நான் சொல்வது. கரைசலைச் சூடுபடுத்தினால் கரைப்பான் ஆவியாகிவிடும், கரைபொருள் அடியில் தங்கிவிடும். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். காயிலிருந்து பொட்டாசியத்தை ஒழுங்காகப் பிரித்தெடுத்து, அதைக் காய்ச்சிச் செறிவாக்கி, நெய்யில் தாளித்து, என் மனைவிக்கு வேளாவேளைக்கு அளந்து கொடுத்திருக்கிறேன்.

"சார்" என்றாள் ரிஸ்வானா. "பொட்டாசியம் உப்பெல்லாம் தண்ணியில கரையும்னு எங்களுக்கு நீங்கதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க." கேலியாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவாள்போல் இருந்தாள். அடுத்த கட்டிலில், மாம்பழம் பிடிக்கப்போய்க் கணுக்கால் பிசகிய ஒருவர் கிடந்தார். தன் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்து, "சாரு என்ன சப்ஜெக்ட்டு?" என்று கேட்டார்.

அவசரமாக டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் நானும் லாத்தாவும் உட்கார்ந்திருந்தோம். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, துஆ செய்துகொண்டிருந்தார். எனக்குச் சாமி பேர் எதுவும் வாயில் வரவில்லை. அவள் போய்விடுவாளோ என்று பயந்தேன். என் கையால் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயந்தேன். "நான்தான் லாத்தா, நான்தான்" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பேரீச்சம்பழத்தைத் திருப்பி அனுப்பியவன் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. "நல்லதுக்குத்தான சார் செஞ்சீங்க, அவனுக்குத் தெரியும்" என்று மேலே கையைக் காட்டினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். வசந்தா கண்ணைத் திறந்திருந்தாள். நான் குனிந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அந்த மாம்பழத்த ஏங்க தூக்கிப் போட்டீங்க?" என்றாள்.

அன்றிலிருந்து இது எங்கள் வீட்டுக் கதை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அவளே சொன்னாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு. ரசத்தை நான் கிளறியதை நடித்துக் காட்டுவாள், "பொட்டாசியம்!" என்று என் குரலில் அலறிக் காட்டுவாள். அடம்பிடிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளை, "பெரியப்பா கையால ஒரு டம்ளர் ரசம் தரச் சொல்லவா?" என்று மிரட்டுவார்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரு ரசப் பாத்திரத்தையே படமாக வைத்தார்கள். தெருவில் தலை காட்ட முடியவில்லை. ஆனால் அவள் சிரித்தாள். அதற்காக நான் இன்னும் நாலு பேர் முன்னால் முட்டாளாக நிற்கத் தயாராக இருந்தேன்.

இதன்பிறகு நடந்ததை நித்யாவிடம் சொன்னதில்லை. நான் எழுதுவது எதையும் அவள் படிப்பதில்லை, இந்த விஷயத்தில் அது நல்லதாகப் போயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தபோது, வசந்தா கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்தத் தண்ணியக் கொட்டணும்னு எனக்குத் தெரியும்."

"எந்தத் தண்ணி?"

"காய் வடிச்ச தண்ணிதான். பாண்டிச்சேரியில அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதுலதான் எல்லாம் எறங்கியிருக்கும், கொட்டிடுங்கம்மான்னு. நீங்க அப்ப போன் பேச வெளிய போயிருந்தீங்க."

நான் ஸ்டூலை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"நீங்க பாத்திரத்துல புடிச்சு வச்சதையும் பார்த்தேன். சொல்லத்தான் வாயத் தொறந்தேன். தாளிச்ச வாசன வந்துச்சு. எட்டு மாசமா வாய் செத்துப் போயிக் கெடந்துச்சுங்க. சொன்னா கொட்டிடுவீங்க. ஒரு டம்ளர்ல என்ன ஆயிடப் போவுதுன்னு குடிச்சேன். அப்பறம் நிறுத்த முடியல." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நித்யாகிட்டச் சொல்லிடாதீங்க. என்ன நெனப்பா அவ" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சும்மா இல்லை, உச்சந்தலைவரை வந்தது. ஊரே சிரித்தது, நான் ராத்திரி பகலாக என்னையே திட்டிக்கொண்டேன், இவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னை நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைத்தேன், எடுத்தேன். திங்கட்கிழமை காலை அவள், "போதுங்க, காபியாவது சூடா கொடுங்க" என்றாள். அளவு ஜாடியில் ஊற்றாமல் கொடுத்தேன். அத்தோடு சமாதானம் ஆனோம்.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, டயாலிசிஸுக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள் கட்டிலில் சாய்ந்தாள். எழவில்லை. இதயம் களைத்துவிட்டது என்றாள் ரிஸ்வானா. அந்த ரசத்துக்கு இதில் பங்கு உண்டா என்று கேட்டேன். இல்லை சார் என்றாள். நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாள் பேசாமல் இருந்தேனே, அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தமெல்லாம் கூடியிருந்தது. நான் தண்ணீர் குடிக்கச் சமையல் பக்கம் போனேன், உடனே தம்பி மகன் "பெரியப்பாவ உள்ள விடாதீங்க!" என்று கத்தினான். கூடமே சிரித்தது. சம்பந்தி வீட்டார் விஷயம் தெரியாமல் விழிக்க, நித்யா நடுவில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தாள். அம்மா செய்வதைப்போலவே கரண்டியைக் கிளறினாள். அம்மா செய்வதைப்போலவே "பொட்டாசியம்!" என்று அலறினாள். முடிக்கும்போது குரல் தழுதழுத்தது.

"பாவம் அம்மா. ஒண்ணுமே தெரியாம, அப்பா கொடுத்தாருன்னு நம்பிக் குடிச்சிருக்காங்க. இல்லப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் முட்டாள்."

மறுபடி சிரிப்பு. நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லும்மா என்றேன்.